வின்ஆம்ப் 2 முதல் வின்ஆம்ப் 5 வரை: மீடியா பிளேயர் வடிவமைப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2002 ஆகஸ்ட் மாதம் நல்சாஃப்ட் நிறுவனம் வின்ஆம்ப்3 என்னும் புதிய பதிப்பை வெளியிட்டது. விண்டோஸ் கணினியில் எம்.பி.3 பாட்டுக் கேட்போரிடையே வின்ஆம்ப் அளவுக்குப் பரவியிருந்த பிளேயர்கள் அன்று மிகச் சிலவே. புதிய பதிப்பு பழையதன் மேல் ஒட்டுப் போட்டுச் செய்ததன்று. அடித்தளத்திலிருந்து முற்றாகத் திருப்பி எழுதப்பட்டது. பழைய பதிப்பால் இயலாத பலவற்றைச் செய்யவும் வல்லதாக இருந்தது. ஆயினும் அதை நிறுவிப் பார்த்தவர்களில் பலர் மீண்டும் 2-ஆம் பதிப்புக்கே திரும்பினர். நிறுவனமும் பழைய வரிசையைக் கைவிட முடியாமல் 2003-இல் 2.9 பதிப்பைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த வின்ஆம்ப் 5, பழைய 2-ஆம் பதிப்பின் மூலநிரலின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. இரண்டும் மூன்றும் கூடி ஐந்து என்று நிறுவனமே அந்த எண்ணுக்கு விளக்கம் சொன்னது.

பெரும் உழைப்பில் உருவான ஒரு மறுஎழுத்து 16 மாதங்களில் ஓரங்கட்டப்பட்டதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வேகக் குறைவு. வின்ஆம்ப்3 நினைவகத்தையும் செயலியையும் மிகுதியாக எடுத்துக்கொண்டது, அடிக்கடி முடங்கியது, ஆகவே மக்கள் விலகினர் என்பர். அது உண்மைதான், ஆனால் அதுவே முழுக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. கணினிகள் ஆண்டுக்காண்டு வேகம் பெற்றுவந்த காலம் அது. வேகம் ஒன்றே குறையாக இருந்திருந்தால் புதிய நிரலைச் செப்பனிட்டுக்கொண்டே சிறிது காலம் பொறுத்திருக்கலாம். நிறுவனம் அப்படிச் செய்யாமல், பழைய உட்கருவை மீட்டெடுத்து, 3-ஆம் பதிப்பின் புதிய முகத்தை வேண்டுமென்றால் கழற்றிவிடக்கூடிய ஒரு பிளக்-இன்னாக (துணை நிரலாக) அதன் மேல் மாட்டியது. அந்த முடிவுக்குள் ஒரு வடிவமைப்புத் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

மீடியா பிளேயர் மற்ற மென்பொருள்களைப் போன்றதன்று. சொற்செயலியையோ கணக்குப் பதிவேட்டையோ திறந்து வைத்திருப்பவரின் கண் அதன் மேலேயே இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் பயனர் வேறொரு சாளரத்தில் வேறொரு வேலையில் இருப்பார். பிளேயரை அவர் பார்க்காத நேரத்தில்தான் அது முழுமையாகப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. தொலைபேசி ஒலித்ததும் நிறுத்த வேண்டும், பிடிக்காத பாட்டு வந்ததும் தாண்ட வேண்டும், யாரோ பேச வந்ததும் ஒலியைக் குறைக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டிய செயல்கள். முடிந்ததும் பயனர் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார். படம் பார்ப்பவருக்கும் இது பொருந்தும். அவர் கண் திரையில் இருந்தாலும் படத்தின் மேல்தான் இருக்கிறது, பொத்தான்களின் மேல் அன்று. எனவே பிளேயரின் தரத்தை அளக்க அந்த ஒரு வினாடியே தக்க அளவுகோல் என்பது என் துணிபு: அதற்குள் பயனரைத் தேட வைக்கிறதா, இல்லையா?

275-க்கு 116 பிக்சல்

ஜஸ்டின் ஃப்ராங்கெலும் டிமிட்ரி போல்டிரெவும் 1997 ஏப்ரலில் வின்ஆம்ப்பின் முதல் வெளியீட்டைத் தந்தனர். 2.0 பதிப்பு 1998 செப்டம்பரில் வந்தது. அடுத்த ஆண்டே ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் நல்சாஃப்ட்டை விலைக்கு வாங்கியது. இந்த 2-ஆம் பதிப்பின் முதன்மைச் சாளரம் 275 பிக்சல் அகலமும் 116 பிக்சல் உயரமும் கொண்டது. ஒலியின் தாழ், உயர் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்க உதவும் சமனியின் (ஈக்வலைசர்) சாளரமும் அதே அளவு. இவை ஒன்றோடொன்று நெருங்கினால் விளிம்பு ஒட்டிக்கொள்ளும். பிளேலிஸ்ட் சாளரத்தையும் அப்படியே ஒட்ட வைத்து நீட்டிக்கொள்ளலாம்.

முதன்மைச் சாளரத்தின் கீழ் வரிசையில் ஐந்து இயக்கப் பொத்தான்கள் இருந்தன: முந்தையது, இயக்கு, இடைநிறுத்து, நிறுத்து, அடுத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 23 பிக்சல் அகலம், 18 பிக்சல் உயரம். இன்றைய வடிவமைப்பு வழிகாட்டி எதைக் கையில் வைத்துப் பார்த்தாலும் இது மிகச் சிறிது. உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் வகுத்த விதிப்படி, ஓர் இலக்கை எட்டும் நேரம் அதன் தொலைவு கூடக் கூட ஏறும், அதன் அகலம் கூடக் கூட இறங்கும். அந்தக் கணக்கில் வின்ஆம்ப் பொத்தான்கள் தோற்க வேண்டியவை. ஆனால் ஃபிட்ஸ் விதி, இலக்கு எங்கே இருக்கிறது என்பது தெரிந்த பிறகு கை நகரும் நேரத்தை மட்டுமே அளக்கிறது. எங்கே என்று கண்ணால் தேடும் நேரம் அதில் சேராது. கை பழகிய இடத்தில் இருக்கும் சிறிய பொத்தான், ஒவ்வொரு முறையும் தேட வேண்டிய பெரிய பொத்தானை முந்திவிடும். 2-ஆம் பதிப்பின் வலிமை முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருந்தது.

விசைப்பலகை அமைப்பும் இதே சிந்தனையில் உருவானது. ஆங்கில விசைப்பலகையின் கீழ்வரிசையில் இடக்கையின் கீழ் அடுத்தடுத்து அமைந்துள்ள இசட், எக்ஸ், சி, வி, பி ஆகிய ஐந்து விசைகளும் திரையிலுள்ள ஐந்து பொத்தான்களுக்கு அதே வரிசையில் ஒதுக்கப்பட்டிருந்தன. இயக்குவதற்கு எக்ஸ், இடைநிறுத்துவதற்குச் சி என்பதில் எழுத்துப் பொருத்தம் ஏதுமில்லை. நினைவில் நிற்பது இடம் மட்டுமே. செயலின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தை விசையாக்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் ஐந்து செயல்களைப் பலகையின் ஐந்து மூலைகளுக்குச் சிதறடிக்கும் அந்த வழக்கத்தைவிட, விரல்களை ஓரிடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்னும் இந்த ஏற்பாடு பயனரை மதித்தது என்பேன். (இதைப் பின்பற்ற விரும்பும் நிரலர்கள் எழுத்தை விட்டு விசையின் இடத்தைக் கணக்கில் கொள்வது நல்லது, ஜெர்மன் விசைப்பலகையில் இசட் வேறிடத்தில் இருக்கிறது.) ‘ஜே’ விசையை அழுத்தினால் ஒரு சிறு தேடல் பெட்டி திறக்கும், பாட்டின் பெயரில் சில எழுத்துகளைத் தட்டினால் பட்டியல் சுருங்கும், என்டர் விசையைத் தட்டியதும் பாட்டு தொடங்கிப் பெட்டி மறையும். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குள் ஒன்றை எடுப்பதற்கு இதைவிடக் குறுகிய வழியை அதன்பின் வந்த எத்தனையோ பிளேயர்களிலும் நான் காணவில்லை.

அச்சாளரத்தில் நேரம் காட்டும் எண்ணைச் சொடுக்கினால் ஓடிய நேரம் மறைந்து மீதி நேரம் தோன்றும். பாட்டின் எப்பகுதிக்கும் தாவ உதவும் ஓட்டப் பட்டையை இழுக்கும்போது பாட்டின் பெயர் ஓடும் அதே வரியில் எத்தனையாவது நிமிடத்துக்குப் போகிறோம் என்பதும் சதவீதமும் தெரியும். ஒலியளவை மாற்றும்போது அதே வரியில் ஒலியளவின் சதவீதம் தெரியும். கையை எடுத்ததும் பாட்டின் பெயர் திரும்பிவிடும். தற்காலிகச் செய்திக்குத் தனி இடம் ஒதுக்காமல், பயனரின் கண் ஏற்கெனவே பழகிய ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் உத்தி இது. நடப்புப் பாட்டு முடிந்ததும் நிறுத்து என்பதற்கும், ஒலியை மெல்லத் தேய்த்து நிறுத்து என்பதற்கும், நிறுத்தப் பொத்தானின் விசையோடு கண்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் சேர்ந்தால் போதும். புதிய வசதி வந்தபோதெல்லாம் புதிய பொத்தான் முளைக்கவில்லை.

ஸ்கின் என்னும் மேற்பூச்சு

2-ஆம் பதிப்பை உலகறியச் செய்ததில் ஸ்கின்களுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு ஸ்கின் என்பது சில பிட்மேப் படங்களை அடக்கிய ஒரு ஜிப் கோப்பு மட்டுமே. அதன் பின்னொட்டு மட்டும் மாற்றப்பட்டிருக்கும். ஐந்து பொத்தான்களின் தோற்றம் ஒரு படத்தில், தலைப்புப் பட்டை இன்னொரு படத்தில், ஒலியளவுப் பட்டையின் 28 நிலைகள் வேறொரு படத்தில் என்று ஒவ்வொன்றும் வரையறுக்கப்பட்ட பிக்சல் அளவில் இருந்தாக வேண்டும். எளிய ஓவிய மென்பொருள் ஒன்று தெரிந்த எவரும் ஸ்கின் செய்யலாம்; நிரல் ஒரு வரிகூடத் தேவையில்லை. அதனால்தான் இணையத்தில் பல்லாயிரம் ஸ்கின்கள் குவிந்தன. மரப்பலகை, துருப்பிடித்த இரும்பு, விண்வெளிக் கலம் என்று எதை வரைந்தாலும் இயக்கும் பொத்தானை மட்டும் நகர்த்த முடியாது. ஆர்மோனியத்துக்கு எந்த வண்ணம் பூசினாலும் கட்டைகளின் வரிசை மாறாதது போல, தோற்றம் எல்லையின்றி மாறியது. இடங்கள் அப்படியே நின்றன. இதை அன்றைய தொழில்நுட்பக் குறையாகவே பலர் கண்டனர். வின்ஆம்ப்3 தீர்க்கப் புறப்பட்டதும் இந்தக் ‘குறை’யைத்தான்.

வின்ஆம்ப்3, வசாபி என்னும் புதிய கட்டமைப்பின் மேல் எழுந்தது. அதில் ஸ்கின் என்பது எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியில் எழுதிய விவரிப்பும் அதற்கென்றே உருவாக்கப்பட்ட குறுநிரல் மொழியும் சேர்ந்த தொகுப்பு. சாளரம் எந்த வடிவத்திலும் இருக்கலாம். பொத்தான் எங்கும் இருக்கலாம். இழுத்தால் திறக்கும் மறைவறைகள் வைக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும் என்பதைக்கூட ஸ்கின் செய்தவரே தீர்மானிக்கலாம். கலைஞருக்கு இது பெருவிடுதலை. பயனருக்கு நேர்ந்தது வேறு. ஸ்கின்னை மாற்றியதும் கை பழகியதெல்லாம் செல்லாமல் போனது. வட்ட வடிவ ஸ்கின்னில் நிறுத்தப் பொத்தான் எங்கே என்பதைச் சுட்டியை மேலும் கீழும் ஓட்டித்தான் கண்டறிய வேண்டும். ஒருவர் மற்றவருக்கு உதவிக் குறிப்புச் சொல்லும்போதுகூட ‘கீழே இடமிருந்து இரண்டாவது’ என்று சொல்ல வழியில்லை.

வேகக் குறைவும் இதனோடு பின்னியது. விருப்பம்போல் வளையும் சாளரத்தை, குறுநிரலின் வழியாக, ஒவ்வொரு முறையும் கணித்து வரைவதற்கு அன்றைய செயலிகள் திணறின. முகத்தை விடுதலை செய்ததற்கான விலையே அந்த மந்தம் என்று சொன்னால் மிகையாகாது.

இவற்றைவிடச் சிறியதாகத் தோன்றும் இன்னொரு குறையும் உண்டு. பிளேலிஸ்டில் உள்ள பாட்டுகளின் மொத்த நேரத்தைக் கூட்டிக் காட்டும் வசதி 2-இல் இருந்தது. 3-இல் அது காணாமற்போனது. முற்றாகத் திருப்பி எழுதும்போது நிகழும் இழப்புக்கு இது துல்லியமான சான்று. வடிவமைப்பாளர் வரையும் பெரிய படத்தில் இத்தகைய ஒற்றை வரி எண் இடம்பெறாது. ஆனால் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குப் பாட்டு அடுக்குபவருக்கு அந்த எண்ணே பிளேயரின் பயன். பழைய பிளக்-இன்களும் புதிய பதிப்பில் இயங்கவில்லை. ஆகவே பயனர் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த ஒலி விளைவுகளையும் அரிய கோப்பு வகைகளுக்கான ஆதரவையும் ஒருசேர இழந்தார்.

மக்கள் எந்த மாற்றத்தையும் எதிர்ப்பார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. வடிவமைத்தவருக்கு அது ஆறுதலும் தரும். ஆனால் அது இங்கே பொருந்தவில்லை. மீடியா லைப்ரரி என்னும் பெரிய புதுமை 2.9-இல் சேர்ந்தபோது அதே பயனர்கள் யாதொரு குமுறலும் இன்றி அதை ஏற்றனர். அந்த லைப்ரரி தனிச் சாளரமாக வந்தது. பழைய ஐந்து பொத்தான்களில் ஒன்றைக்கூட நகர்த்தவில்லை.

ஓட்டப் பட்டையின் கணக்கு

கண்ணுக்குத் தெரியும் இடங்களைப் பற்றி மட்டும் பேசினால் வடிவமைப்பு முகப்பூச்சாகிவிடும். ஒரு வினாடிச் செயல் உண்மையில் ஒரு வினாடியில் முடிகிறதா என்பதை உள்ளே இயங்கும் பகுதிகளே முடிவு செய்கின்றன. இதற்கு ஓட்டப் பட்டையைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

வின்ஆம்ப் 2-இன் ஓட்டப் பட்டை 248 பிக்சல் அகலம். அதில் நகரும் கைப்பிடி 29 பிக்சல். ஆக, கைப்பிடி நிற்கக்கூடிய தூரம் 219 பிக்சல். 4 நிமிடப் பாட்டில் ஒரு பிக்சல் நகர்த்தினால் ஏறக்குறைய 1.1 வினாடி நகரும். விரும்பிய சரணத்தைப் பிடிக்க இது போதும். அதே பட்டையில் 2 மணி நேரப் படத்தை ஓட்டினால் ஒரு பிக்சலுக்கு 33 வினாடி. தவறவிட்ட ஒரு வசனத்தை அதைக் கொண்டு பிடிக்கவே முடியாது. 1,920 பிக்சல் அகலத் திரை முழுவதும் பட்டையை நீட்டினாலும் ஒரு பிக்சலுக்கு 3.75 வினாடி ஆகும். எனவே நீண்ட படங்களுக்கு மவுஸைக் கொண்டு ஓட்டப் பட்டையை இழுப்பது ஒருபோதும் போதாது. அம்புக்குறி விசைகளால் சில வினாடி முன்பின் தாவும் வழி, கூடுதல் வசதியாக அன்றி அடிப்படைத் தேவையாகவே இருந்தாக வேண்டும். எம்.பி.வி. பிளேயரில் இயல்பாகவே இட, வல அம்புகள் 5 வினாடியும் மேல், கீழ் அம்புகள் 1 நிமிடமும் தாவுகின்றன. இட, வல அம்புகளை ஷிஃப்ட்டோடு சேர்த்தால் 1 வினாடி துல்லியமாக நகர்கிறது. பொத்தான்கள் அனேகமாக இல்லாத அந்தப் பிளேயரைப் பலர் கரடுமுரடானது என்று ஒதுக்குவர். ஆனால் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இயக்குவதில் அதற்கு இணையானவை குறைவு.

துல்லியம் என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. சுருக்கப்பட்ட காணொளிக் கோப்பில் ஒவ்வொரு சட்டகமும் (ஃபிரேம்) முழுப் படமாக இராது. இடையிடையே வரும் முதன்மைச் சட்டகங்கள் மட்டுமே முழுமையானவை. மற்றவை அவற்றிலிருந்து ஏற்பட்ட மாற்றங்களைப் பதிந்தவை. காணொளியைச் சுருக்கும் எக்ஸ்264 குறியாக்கியின் இயல்பு அமைப்பில் இரு முதன்மைச் சட்டகங்களுக்கிடையே 250 சட்டகங்கள் வரை இருக்கலாம். வினாடிக்கு 25 சட்டகம் என்றால் அது 10 வினாடி. பயனர் கேட்ட புள்ளி அவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தால், பிளேயர் முந்தைய முதன்மைச் சட்டகத்துக்குப் போய் அங்கிருந்து எல்லாவற்றையும் விரித்துக்கொண்டே வர வேண்டும். அல்லது துல்லியத்தைக் கைவிட்டு அருகிலுள்ள முதன்மைச் சட்டகத்தில் இறங்க வேண்டும். எப்போதும் துல்லியமாக இறங்கும் பிளேயர் கைப்பிடியை இழுக்கும்போது திக்கும். எப்போதும் அருகிலே இறங்கும் பிளேயரில் 5 வினாடி பின்னால் போகச் சொன்னால் 9 வினாடி பின்னால் போய் நிற்கும். கைப்பிடி இழுபடும் வரை முதன்மைச் சட்டகங்களை உடனுக்குடன் காட்டிவிட்டு, கையை எடுத்த கணத்தில் துல்லியப் புள்ளிக்குச் செல்வதே இரண்டுக்கும் நியாயம் செய்யும் வழி.

ஒலிக் கோப்பிலும் இதன் சாயல் உண்டு. மாறும் பிட் வீதத்தில் (ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) செய்யப்பட்ட எம்.பி.3 கோப்பின் தொடக்கத்தில் ஜிங் தலைப்பு இருந்தால், அதில் கோப்பின் 100 புள்ளிகளுக்கான இட அட்டவணை கிடைக்கும். அது இல்லாத கோப்பில், முதல் சட்டகத்தின் பிட் வீதத்தை வைத்து மொத்த நேரத்தை ஊகிக்கும் பிளேயர் தவறான நேரத்தைக் காட்டும். பட்டையின் நடுவில் சொடுக்கினால் பாட்டின் நடுவுக்குப் போகாது. பயனர் இதைக் கோப்பின் பிழை என்று அறியார். பட்டை பொய் சொல்கிறது என்றே எண்ணுவார், அதன்பின் அதை நம்பமாட்டார்.

தாமதத்துக்கும் ஒரு வரம்புண்டு. பொத்தானை அழுத்தியதற்கு 0.1 வினாடிக்குள் எதிர்வினை தெரிந்தால்தான் அது தம் செயலின் விளைவு என மனிதர் உணர்கின்றனர் என்று ஆய்வாளர் ராபர்ட் மில்லர் 1968-இலேயே எழுதினார். பாட்டு இடையில் அறுபடாமலிருக்கப் பிளேயர் சில நூறு மில்லிவினாடி அல்லது அதற்கு மேலான ஒலியை முன்கூட்டியே இடைநினைவகத்தில் நிரப்பி வைக்கும். அந்த ஒலி வெளியேறிய பிறகே சமனியில் செய்த மாற்றம் காதில் விழும்படி நிரல் அமைந்திருந்தால், பயனர் ஸ்லைடரை நகர்த்துவார், ஒன்றும் கேட்காது, மேலும் நகர்த்துவார், பின் ஒரேயடியாகக் காதடைக்கும். ஆழமான இடைநினைவகம் அறுபடாத ஒலியைத் தரும். ஆழமற்றது உடனடி எதிர்வினையைத் தரும். இடைநிறுத்தத்துக்கும் ஒலியளவுக்குமாவது ஏற்கெனவே நிரம்பியதைப் பொருட்படுத்தாமல் உடனே செயல்படும் தனிவழியை அமைத்துவிட்டால் இந்த முரண் பெருமளவு தணியும்.

ஒலியளவு

1999-இல் வந்த ஆப்பிளின் குயிக்டைம் 4 பிளேயர், பளபளக்கும் உலோகப் பரப்பும் கைக்கருவியின் தோற்றமும் கொண்டது. அதன் ஒலியளவுக் கட்டுப்பாடு, விரல் நுனியால் உருட்டும் சிறு சக்கரமாக வரையப்பட்டிருந்தது. உண்மையான கருவியில் அத்தகைய சக்கரம் கட்டைவிரலுக்கு இதமானது. திரையில் அதை மவுஸால் பிடித்து இழுத்து, விட்டு, மீண்டும் பிடித்து இழுக்க வேண்டும். இப்போது எந்த அளவில் இருக்கிறோம் என்பதும் சக்கரத்தைப் பார்த்து விளங்காது. இடைமுக விமர்சகர்கள் அதைக் கடுமையாகச் சாடினர். பின்வந்த பதிப்பில் அவ்விடத்தில் சாதாரண ஸ்லைடர் வந்தது. வின்ஆம்ப் 2-இன் 68 பிக்சல் ஸ்லைடரோ, அளவு ஏற ஏறப் பின்னணி பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுவதால், ஓரக்கண்ணுக்கும் அளவைச் சொல்லிவிடும்.

ஸ்லைடர் இருந்தால் மட்டும் போதாது. அதன் அளவுகோல் காதுக்கு ஒத்திருக்க வேண்டும். ஸ்லைடரின் நடுப்புள்ளியில் அலையின் வீச்சைச் சரிபாதியாக்கினால் குறைவது சுமார் 6 டெசிபல் மட்டுமே. ஒலி பாதியாகிவிட்டதாகக் காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே நேர்கோட்டு ஸ்லைடரில் மேல்பாதி முழுவதும் பெரிதாக ஒன்றும் நிகழாது, கீழ்க்கோடியில் எல்லாம் ஒருசேர நிகழும். நிலையின் மும்மடியை எடுத்துக்கொள்ளும் ஸ்லைடரில் நடுப்புள்ளி 18 டெசிபல் குறைவைத் தரும். இரவில் மெல்லக் கேட்பவருக்கு நகர்த்த இடம் கிடைக்கும்.

வெவ்வேறு தொகுப்புகளிலிருந்து எடுத்த பாட்டுகள் வெவ்வேறு உரத்தில் பதிவாகியிருப்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலியளவைத் திருத்த நேர்வது, வேலையிலிருக்கும் பயனரைப் பிளேயரிடம் இழுத்துவரும் முதன்மைத் தொல்லை. 2001-இல் டேவிட் ராபின்சன் முன்மொழிந்த ரீப்ளேகெய்ன் முறை, ஒவ்வொரு பாட்டின் உணரப்படும் உரத்தையும் முன்பே அளந்து, திருத்த வேண்டிய டெசிபல் எண்ணைக் கோப்பின் குறிப்பிலேயே எழுதிவைத்தது. இதைப் பலர் ஒலிப் பொறியியல் என்ற தலைப்பில் அடக்குவர். என் பார்வையில் இது இடைமுக வடிவமைப்பு: பயனர் தொட வேண்டிய தேவையையே நீக்கும் பொத்தான். தொடர்ந்து ஒலிக்க வேண்டிய இரு பகுதிகளுக்கிடையே எம்.பி.3 குறியாக்கம் புகுத்தும் சிறு மௌன இடைவெளியை வெட்டி எடுப்பதும் அவ்வாறே. காணாமற்போன கோப்பு ஒன்றைப் பட்டியலில் சந்திக்கும்போது எச்சரிக்கைப் பெட்டியைத் திறந்து இரவு முழுவதும் மௌனமாகக் காத்திருக்கும் பிளேயரும், அதைக் குறித்து வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகும் பிளேயரும் இதே உரைகல்லில் வேறுபடுகின்றன.

ஐந்தாம் பதிப்பும் அதன் எல்லையும்

வின்ஆம்ப் 5 இரண்டு முகங்களோடு வந்தது. 3-இலிருந்து பெற்ற நவீன முகம் விரும்பியவர்க்கு. பழைய 275-க்கு 116 சாளரம் மற்றவர்க்கு. பழைய பிளக்-இன்கள் மீண்டும் இயங்கின. விசைகள் பழைய இடத்திலேயே இருந்தன. இதைச் சமரசம் என்று குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. எது மாறலாம், எது மாறக்கூடாது என்று 3 பிரிக்கத் தவறியதை 5 பிரித்தது. இதற்கு மாறாக, 2001-இல் எளிய பாட்டு நூலகமாகத் தொடங்கிய ஆப்பிளின் ஐடியூன்ஸ், கடை, காணொளி, பாட்காஸ்ட், கைக்கருவி ஒத்திசைவு என்று ஒவ்வொன்றையும் ஒரே சாளரத்துக்குள் அடுக்கிக்கொண்டே போய், 2019-இல் மேக் கணினியில் தனித்தனிச் செயலிகளாகப் பிரிக்கப்பட நேர்ந்தது.

எனினும் மாறாத எலும்புக்கூட்டுக்கு உரிய நோய்களும் உண்டு. அங்குலத்துக்கு 96 புள்ளி அடர்த்தியுள்ள திரையில் 275 பிக்சல் என்பது 7.3 சென்டிமீட்டர், அடர்த்தி இரட்டித்த இன்றைய திரையில் அது 3.6 சென்டிமீட்டராகச் சுருங்கும். சாளரத்தை இருமடங்காக்கும் வழி ஒன்றிருந்தது, இடைப்பட்ட அளவுகளுக்கு வழியில்லை. பாட்டின் பெயரைக் காட்டும் எழுத்துரு ஸ்கின்னுக்குள் இருந்த ஒரு படம். அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் 5-க்கு 6 பிக்சல் கட்டம். ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும் போக மற்ற மொழிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் இடமே கிடையாது. பிட்மேப் எழுத்துருவை அணைத்துவிட்டு இயங்குதளத்தின் எழுத்துருவைப் பயன்படுத்தும் தெரிவு அமைப்புகளுக்குள் இருந்தது. ஆனால் கொம்பும் காலும் புள்ளியும் கொண்ட எழுத்துகளை அத்தனை குறைந்த உயரத்தில் வாசிக்க முடிவதில்லை. உலகமெங்கும் பரவிய ஒரு மென்பொருளில் இது சிறு குறையன்று.

வின்ஆம்ப்3 வெளிவந்த நான்கு மாதங்களில், 2002 டிசம்பரில், நல்சாஃப்ட்டுக்காக முன்பு பணியாற்றிய பீட்டர் பாவ்லோவ்ஸ்கி ஃபூபார்2000 பிளேயரை வெளியிட்டார். அது ஓவிய ஸ்கின்களைத் தவிர்த்து, விண்டோஸ் தரும் சாதாரணப் பொத்தான்களையும் பட்டியல்களையும் கொண்டே கட்டப்பட்டது. அதனால் இயங்குதளம் காட்ட வல்ல எழுத்துகளை எல்லாம் அதுவும் காட்ட முடிந்தது. அழகில்லை என்ற முணுமுணுப்பு அன்று தொட்டு அதனோடே வருகிறது. பின்னர் வந்த அதன் பதிப்புகளில் சாளரத்தின் பகுதிகளை இடம் மாற்றவும் முடியும். அதற்கெனத் தனி அமைப்பு நிலை ஒன்றைப் பயனர் தாமாக இயக்க வேண்டும், வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும், அதன்பின் தவறுதலாகக்கூட எதுவும் நகராது. இடங்களை மாற்றும் உரிமை வின்ஆம்ப்3-இலும் இருந்தது, இதிலும் இருக்கிறது. அங்கே அவ்வுரிமை முகம் தெரியாத ஸ்கின் கலைஞரிடம் இருந்தது. இங்கே பொத்தானை நகர்த்தியவரே அதை அடுத்த முறை தேடிப் போகிறவர்.